சோஹாரில் ஒருவர் இறந்தால்: உடல் ஊர் வந்து சேரும் வழி

ஓமானின் சோஹார், மஸ்கட்டிலிருந்து சுமார் 200 கி.மீ. தொலைவில் இருக்கிறது. அங்குள்ள துறைமுகத்திலும் ஆலைகளிலும் வேலை பார்க்கும் நம்மவர் ஒருவர் இறந்துபோனால், உடலை ஊருக்கு அனுப்புவது ஒரே அலுவலகத்தின் கையில் இல்லை. இரண்டு நாட்டுத் துறைகள் கைகோத்தால்தான் நடக்கும். அந்த வரிசையைத் தெரிந்துவைத்தால் குடும்பத்தின் தவிப்பு குறையும்.

முதலில் மருத்துவமனை, இறப்புக்கான காரணத்தை எழுதித் தரும். விபத்து, சந்தேக மரணம் என்றால் ராயல் ஓமான் போலீஸ் விசாரித்து, ஆட்சேபம் இல்லை என்று சொல்லியாக வேண்டும். இந்தத் தாள்களோடு கம்பெனி ஆள் மஸ்கட் போய், இந்தியத் தூதரகத்தில் இறப்பைப் பதிவு செய்வார். அங்கே பாஸ்போர்ட்டை ரத்து செய்து, உடலை அனுப்பத் தடையில்லாச் சான்று தருவார்கள். பிறகு உடலைப் பதப்படுத்தும் எம்பாமிங், பெட்டி, விமானப் பதிவு. இறங்கும் விமான நிலையத்தில் சுகாதார அதிகாரியின் அனுமதியும் வேண்டும். 2023 முதல் இதற்கு ‘இ-கேர்’ இணையதளம் இருக்கிறது.

இத்தனைக்கும் நடுவில் ஊரிலிருந்து போக வேண்டிய முக்கியமான தாள்: வாரிசின் ஒப்புதல் கடிதம். உடல் ஊருக்கு வர வேண்டுமா, அங்கேயே அடக்கமா, அங்கே யார் பொறுப்பேற்பார், இங்கே யார் பெற்றுக்கொள்வார் என்று அதில் தெளிவாக எழுத வேண்டும். மனைவி ஒரு பெயரும் அண்ணன் வேறு பெயரும் எழுதி அனுப்பினால், எதை ஏற்பது என்று தெரியாமல் வேலை நின்றுவிடும். வீட்டார் முதலில் கூடிப் பேசி ஒரே கடிதமாக அனுப்புங்கள்.

செலவைப் பொதுவாக வேலை கொடுத்தவரே ஏற்க வேண்டும். அவர் கைவிரித்தால், 2009-இல் தொடங்கிய இந்திய சமூக நல நிதியிலிருந்து உதவும்படி தூதரகத்தைக் கேட்கலாம். வேலை இழுத்தடித்தால் வெளியுறவுத் துறையின் ‘மதத்’ இணையதளத்தில் புகார் பதியலாம். தமிழ்நாட்டில் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வு ஆணையரகத்தையும் அணுகலாம். குடிபெயர்வு அனுமதி (எமிகிரேஷன் கிளியரன்ஸ்) பெற்றுப் போனவர் விபத்தில் இறந்திருந்தால், பிரவாசி பாரதிய பீமா காப்பீட்டில் 10 லட்சம் ரூபாய் கிடைக்கும்; பாலிசி காலாவதி ஆகாமல் இருக்க வேண்டும்.

ஒவ்வொரு அலுவலகமும் தன் பங்கை முடித்தாலும், அடுத்த மேசைக்குத் தாள் தானாகப் போய்விடாது. அதனால் சோஹாரில் ஒருவர், ஊரில் ஒருவர் என இருவர் மட்டும் பொறுப்பெடுத்து, தினமும் பேசிக்கொள்ள வேண்டும். வெளிநாடு போகிறவர்களும் பாஸ்போர்ட், விசா, ரெசிடென்ட் கார்டு, காப்பீட்டுத் தாள் ஆகியவற்றின் நகல்களை இன்றே வீட்டில் கொடுத்துவையுங்கள்.