எஞ்சினுக்குள் தண்ணீர்

தீவகத்தில் வாழ்பவர்களுக்கு எஞ்சினும் தண்ணீரும் அன்றாடக் கவலைகள். குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் செல்லும் படகுகள் எஞ்சினை நம்பியே புறப்படுகின்றன. நெடுந்தீவில் நல்ல குடிநீர் கிடைப்பதோ அரிது. எரிபொருளில் தண்ணீர் கலந்துவிட்டால் எஞ்சின் நின்றுவிடும் என்பதைக் கடற்றொழில் செய்யும் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படியிருக்க, எஞ்சினுக்குள் வேண்டுமென்றே தண்ணீரைத் தெளித்து அதன் வலுவைக் கூட்டலாம் என்றால் நம்ப முடியுமா? முடியும். ஆனால் தண்ணீர் எங்கே, எவ்வளவு, எதற்காகச் செல்கிறது என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும்.

நொக்கிங் என்பது என்ன?

பெற்றோல் எஞ்சினின் சிலிண்டருக்குள் காற்றும் எரிபொருளும் சேர்ந்த கலவையைப் பிஸ்டன் நெருக்குகிறது. பிளக் தரும் தீப்பொறியால் அக்கலவை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை சீராக எரிந்து செல்ல வேண்டும். கலவை அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டால், தீ வந்து சேருமுன்பே எஞ்சிய பகுதி தானாகப் பற்றி வெடிக்கும். அப்போது சுத்தியலால் தட்டுவது போன்ற ஓசை எழும். இதனையே மெக்கானிக்மார் ‘நொக்கிங்’ என்பர். இது தொடர்ந்தால் பிஸ்டன் சேதமடையும்.

இதனை ஓர் எரிபொருள் எவ்வளவு தாங்கும் என்பதைக் காட்டுவதே ஒக்டேன் எண். எரிபொருள் நிரப்பு நிலையத்தில் நாம் காணும் 92, 95 என்பன இந்த எண்களே. மண்ணெண்ணெயின் ஒக்டேன் எண் மிகக் குறைவு. 1990களின் முற்பகுதியில் பெற்றோல் தடைப்பட்டிருந்த யாழ்ப்பாணத்தில், மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில்தான் ஓடின. ஒரு சிறு போத்தலில் வைத்திருந்த பெற்றோலைச் சில துளிகள் விட்டு எஞ்சினை இயக்கி, அது சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். வாகனம் நகர்ந்தது, ஆனால் புகையும் மணமும் வலுக்குறைவும் கூடவே வந்தன.

மண்ணெண்ணெயின் இந்தக் குறையை அமெரிக்கப் பொறியியலாளர்கள் மிக முன்னரே சந்தித்திருந்தனர். 1910இல் வெளிவந்த ரூமெலி ஒயில்புல் உழவு இயந்திரம் மண்ணெண்ணெயில் ஓடியது. பாரம் கூடும்போது நொக்கிங் வராமலிருக்க அதன் காபரேற்றரில் தண்ணீருக்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள்.

தண்ணீர் செய்யும் வேலை

படகில் செல்லும்போது கடல்நீர் தெறித்து உடை நனைந்தால், வெயிலிலும் உடல் குளிரும். நீர் ஆவியாகும்போது சூழலிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்வதே காரணம். விஞ்ஞானப் பாடத்தில் இதனை ஆவியாதலின் மறைவெப்பம் என்று படிக்கிறோம். ஒரு கிலோகிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,260 கிலோயூல் வெப்பம் தேவை. அதே அளவு பெற்றோலுக்கு ஏறத்தாழ 350 கிலோயூல் போதும். ஆகவே குளிர்விப்பதில் நீர் பெற்றோலைவிட ஆறு மடங்குக்கு மேல் வல்லது.

டர்போ பொருத்திய எஞ்சினுக்கு இந்தக் குளிர்ச்சி மிகவும் வேண்டும். வெளியேறும் புகையின் விசையால் சுழலும் டர்போ, காற்றை நெருக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுவதைப்போல, நெருக்கிய காற்றும் சூடேறும். 30 பாகை செல்சியசில் உள்ள காற்றை இருமடங்கு அமுக்கத்துக்கு நெருக்கினால் அது 100 பாகையை அண்மிக்கும். நுண்துளிகளாகத் தெளிக்கப்படும் நீர் அந்த வெப்பத்தை உறிஞ்சுகிறது. நொக்கிங் விலகுவதால் டர்போவின் அமுக்கத்தைக் கூட்டலாம். தீப்பொறியையும் உரிய வேளையில் கொடுக்கலாம். கூடுதல் வலு இந்த மாற்றங்களால் வருகிறது. தண்ணீர் எரிவதில்லை, எரிபொருள் தன் முழுத் திறனையும் காட்ட இடம் கொடுக்கிறது.

இரண்டு கார்கள்

1962இல் அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபைல் நிறுவனம் ஜெட்ஃபயர் என்ற டர்போ காரை விற்பனைக்கு விட்டது. நீரும் மெதனோலும் கலந்த திரவம் அதன் எஞ்சினுக்குள் தெளிக்கப்பட்டது. பொறிமுறை நன்றாகவே இருந்தது. ஆனால் அந்தத் திரவத் தொட்டியை நிரப்ப உரிமையாளர்கள் பலர் மறந்தனர். தொட்டி வெறுமையானதும் எஞ்சின் தன் வலுவைத் தானே குறைத்துக்கொண்டது. ஓரிரு ஆண்டுகளில் அந்தக் கார் கைவிடப்பட்டது.

2016இல் பிஎம்டபிள்யூ நிறுவனம் எம்4 ஜிடிஎஸ் என்ற காரில் இதே முறையை மீண்டும் கொண்டுவந்தது. பின்பக்கத்தில் 5 லீற்றர் நீர்த் தொட்டி. வழமையான எம்4 காரின் 431 குதிரைவலு இதில் 500 ஆக உயர்ந்தது.

சோதிப்பது எப்படி?

தண்ணீரைத் தெளித்தபின் “கார் நன்றாக இழுக்கிறது” என்று சொல்வது சோதனையாகாது. முதலில் தண்ணீரின்றி எஞ்சினை ஓட்டி, உள்ளே செல்லும் காற்றின் வெப்பநிலை, வெளியேறும் புகையின் வெப்பநிலை, நொக்கிங், வலு, எரிபொருள் செலவு ஆகியவற்றைப் பதிவு செய்ய வேண்டும். பிறகு அதே எரிபொருளுடன், அதே பாரத்தில், தண்ணீரை மட்டும் சிறிது சிறிதாகக் கூட்டி மீண்டும் அளக்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு மாற்றங்களைச் செய்தால், பலன் எதனால் வந்தது என்று அறிய முடியாது.

வேறெதையும் மாற்றாமல் தண்ணீரை மட்டும் சேர்த்தால் வலு கூடாது. சற்றுக் குறையவும் கூடும். அளவு மிஞ்சினால் தீப்பொறி தவறும். கசிந்து ஒயிலில் சேர்ந்தால் ஒயில் பால்நிறமாகிக் கெட்டுவிடும். தண்ணீர் தீர்ந்தவுடன் டர்போவின் அமுக்கம் தானாகக் குறையும் ஏற்பாடும் கட்டாயம் தேவை. அத்துடன் காய்ச்சி வடித்த நீரே உகந்தது. தீவகக் கிணற்றின் உவர்நீரை ஊற்றினால் உப்பு படிந்து தெளிப்பானின் நுண்துளை அடைபடும்.

படகுக்கு வேண்டாம்

2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. இத்தகைய காலங்களில் தண்ணீர் சேர்த்தால் எரிபொருள் மிச்சமாகும் என்ற பேச்சு எளிதில் காதில் ஏறும். 1996இல் தமிழ்நாட்டில் தண்ணீரையும் மூலிகையையும் கொண்டு பெற்றோல் செய்யலாம் என்று ஒருவர் காட்டியபோது படித்தவர்களும் வியந்தார்கள். அது மோசடி வழக்காகவே முடிந்தது.

காற்றோடு தனி வழியில், அளந்து தெளிக்கும் நீர் வேறு; எரிபொருள் தொட்டியில் கலக்கும் நீர் வேறு. பின்னது எண்ணெயோடு சேராமல் அடியில் தங்கி, அங்கிருந்து எஞ்சினுக்குச் சென்று அதனை நிறுத்திவிடும். இருவீச்சுப் படகு எஞ்சினில் காற்று செல்லும் வழியே தண்ணீரை விட்டாலும் உட்பாகங்களின் ஒயில் கழுவப்பட்டுத் துருவேறும். கார் வீதியில் நின்றால் இறங்கித் தள்ளலாம். நெடுந்தீவுக் கடலில் படகு நின்றால் என்ன செய்வது?

ஆகவே, “தண்ணீரால் எஞ்சின் நன்றாக ஓடும்” என்று யாராவது சொன்னால் உடனே நம்பவும் வேண்டாம். உடனே நகைக்கவும் வேண்டாம். எந்த எஞ்சின், எவ்வளவு தண்ணீர், எப்படி அளந்தீர்கள் என்று கேளுங்கள். பாடசாலையில் கற்ற மறைவெப்பம் பரீட்சைத் தாளுக்கு மட்டும் உரியதன்று. இந்தக் கேள்விகளைக் கேட்கும் துணிவையும் அது நமக்குத் தரும்.