இன்ஜின் ஓடுது, லோடர் தூக்கல!

கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் ஜனவரி மாதக் காலை. மைனஸ் 30 டிகிரி என்பது அங்கே செய்தியே இல்லை. மாடுகளுக்குத் தீவனம் போட்டாக வேண்டும். அரை டன் எடையுள்ள உலர்புல் உருண்டையை டிராக்டரின் முன்பக்க லோடர்தான் தூக்க வேண்டும். இன்ஜின் கிளம்புவதில் தகராறு இல்லை. ராத்திரி முழுக்க பிளாக் ஹீட்டர் அதை மின்சாரத்தில் கதகதப்பாக வைத்திருந்தது. வடக்கு டகோட்டாவின் ஆண்ட்ரூ ஃப்ரீமன் 1949-இல் காப்புரிமை பெற்ற ஹீட்டரின் வாரிசு அது. ஆனால் லிவரை இழுத்தால் லோடர் அங்குலம் அங்குலமாக எழுகிறது. ஸ்டியரிங் திரும்ப மறுக்கிறது. பின்பக்கமிருந்து ஓர் ஊளைச் சத்தம் வேறு. ஹீட்டர் சூடாக்கியது இன்ஜினைத்தான். பின் ஆக்சில் ஹவுசிங்குக்குள் கிடக்கும் ஐம்பது லிட்டர் ஹைட்ராலிக் ஆயிலுக்கு அந்தச் சூடு போய்ச் சேரவே இல்லை.

இந்த இடத்தில் பெரும்பாலானோர் பம்ப் போய்விட்டது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பம்ப் பாவம்.

மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்துவிட்டுக் காத்திருந்த யாருக்கும் பாதிக் கதை புரிந்துவிடும். மீதிப் பாதி கொஞ்சம் வேறு. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியில் உறைகிறது. அதுவரை நன்றாக ஓடும். கனிம எண்ணெய் அப்படி ஒரு புள்ளியில் உறைவதில்லை, குளிரக் குளிரக் கெட்டியாகிக்கொண்டே போகிறது. அதுவும் சீராக அல்ல. வி.ஜி. 46 என்ற வழக்கமான ஹைட்ராலிக் ஆயிலை எடுத்துக்கொள்வோம். 40 டிகிரியில் அதன் பாகுநிலை 46 அலகு என்பதால்தான் அந்தப் பெயர். 0 டிகிரிக்கு வரும்போது இது பத்து மடங்கைத் தாண்டுகிறது. மைனஸ் 20-இல் ஏறக்குறைய நூறு மடங்கு. அதற்கும் கீழே எண்ணெயில் கரைந்திருக்கும் மெழுகு படிகமாகத் திரண்டு, பின்னலாக மாறி, எண்ணெயையே பிடித்து நிறுத்திவிடும்.

கெட்டியானால் என்ன, அழுத்தித் தள்ள வேண்டியதுதானே? டிராக்டர் பம்ப் 150, 200 பார் அழுத்தம் கொடுக்கக்கூடியது. தள்ளுவது அதற்குச் சிரமமே இல்லை. வம்பு வருவது அதற்கு முந்தைய கட்டத்தில். தொட்டியிலிருந்து எண்ணெய் பம்புக்குள் வந்து சேர வேண்டுமே! பம்ப் எண்ணெயை உறிஞ்சுகிறது என்று பேச்சுக்குச் சொல்கிறோம். உண்மையில் பம்ப் உள்ளே ஓர் இடத்தைக் காலி செய்து கொடுக்கிறது, அவ்வளவுதான். எண்ணெயை அதற்குள் தள்ளிவிடுவது வெளியில் இருக்கும் காற்று மண்டலம். அதன் மொத்த பலமே 1 பார். அதிலும் 0.2, 0.3 பாருக்கு மேல் வெற்றிடம் உண்டானால் பெரும்பாலான பம்புகளுக்கு ஆகாது. அழுத்தும் பக்கம் இருநூறு, உறிஞ்சும் பக்கம் கால். இந்தக் கால் பாரை வைத்துக்கொண்டு நூறு மடங்கு கெட்டியான எண்ணெய், கம்பி வலைச் சல்லடை வழியாகவும் குழாய் வளைவுகள் வழியாகவும் வந்து சேர வேண்டும். குளிர்காலத்து ஹைட்ராலிக் கோளாறுகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் இங்கேதான்.

ஊளைச் சத்தத்துக்கும் காரணம் இதுவே. சாதாரண எண்ணெயில் அதன் கன அளவில் 9 விழுக்காடு அளவுக்குக் காற்று கரைந்திருக்கிறது. பம்பின் வாயில் அழுத்தம் குறையும்போது அது குமிழ்களாக வெளியேறுகிறது. மறுகணமே அந்தக் குமிழ்கள் உயர் அழுத்தத்தில் நசுங்கி உடைகின்றன. ஒவ்வொரு உடைப்பும் உலோகத்தில் நுண்ணிய பள்ளம் பறிக்கும். லோடர் எழவில்லை என்று ஆத்திரத்தில் ஆக்சிலரேட்டரை மிதிப்பவர்கள், வராத எண்ணெயை இன்னும் வேகமாகக் கேட்கிறார்கள். கிடைப்பது எண்ணெய் இல்லை, கூடுதல் குமிழ்.

டிராக்டர் வடிவமைப்பாளர் ஹாரி ஃபெர்குசனின் பாணி இந்த விஷயத்தில் தனி ரகம். 1946-இல் கோவென்ட்ரியில் தயாரிப்புக்கு வந்த அவருடைய டி.இ.20 டிராக்டரில், பின்பக்க லிஃப்டைக் கட்டுப்படுத்தும் வால்வே பம்பின் உறிஞ்சும் பக்கம்தான் இருக்கிறது. பின்னால் வந்த மாஸ்ஸி ஃபெர்குசன் 35, 135 மாடல்களும் அதே வழிதான். சென்னையில் 1960-இல் தொடங்கிய டாஃபே தயாரிப்பதும் இதே குடும்பத்து வண்டிகளை. பம்ப் எண்ணெய்க்குள்ளேயே மூழ்கிக் கிடப்பதால் நீண்ட உறிஞ்சு குழாய் கிடையாது. அது பெரிய சௌகரியம். டி.இ.20-இல் பம்பை ஓட்டுவது, பின்னால் பூட்டும் கருவிகளைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டு. அந்தத் தண்டை இணைக்கும் லிவரைப் போடாமலே லிஃப்ட் வேலை செய்யவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் எல்லாக் குளிர்காலத்திலும் உண்டு.

சரி, எங்கிருந்து பார்ப்பது? ஸ்டியரிங், லோடர், பின் லிஃப்ட் எல்லாமே மந்தம் என்றால் கோளாறு பொதுவான இடத்தில்: எண்ணெய், சல்லடை, உறிஞ்சு குழாய். லோடர் மட்டும் மந்தம் என்றால் அதன் வால்வு, ஹோஸ், இணைப்புகளைப் பாருங்கள். டிப் ஸ்டிக்கை உருவும்போது எண்ணெய் மோர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. சந்தேகமாக இருந்தால் நன்றாகச் சூடாக்கிய தகட்டில் ஒரு சொட்டு விடலாம். சடசடவென்று பொரிந்தால் தண்ணீர்தான். பகலில் சூடாகி இரவில் குளிரும் ஹவுசிங்குக்குள் ஈரக் காற்று பனித்துளியாக இறங்கும். கியர் லிவரின் ரப்பர் உறை கிழிந்திருந்தால் மழையும் உள்ளே போகும். எண்ணெயைவிட அடர்த்தியான அந்தத் தண்ணீர் அடியில் தங்கி, சல்லடை இருக்கும் இடத்திலேயே பனிக்கட்டியாகிறது. புது எண்ணெய் விட்டும் தீராத பல புகார்களுக்கு இதுவே காரணம்.

இன்னொரு நுணுக்கம் அதிகம் பேசப்படுவதில்லை. பத்துப் பதினைந்து நிமிடம் மிதமான வேகத்தில் ஓடவிட்டால் தொட்டியில் உள்ள எண்ணெய் இளகும். ஆனால் லோடர் ஹோஸுக்குள் நிற்கும் எண்ணெய்? லிவரைக் கொஞ்சமாக அசைத்தால் அதே குளிர்ந்த எண்ணெய் ஹோஸுக்கும் சிலிண்டருக்கும் இடையே போய்வந்துகொண்டிருக்கும், தொட்டிக்குத் திரும்பாது. பளு இல்லாமல், முழு நீளத்துக்கு, மெதுவாக, பல முறை ஏற்றி இறக்கினால்தான் சூடான எண்ணெய் அங்கே போய்ச் சேரும்.

எண்ணெயில் டீசலோ மண்ணெண்ணெயோ கலந்து இளக்கும் பழக்கம் ஒன்று இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். பல டிராக்டர்களில் கியர், ஈர பிரேக், லிஃப்ட் மூன்றுக்கும் ஒரே எண்ணெய். லிஃப்ட் இளகும், கியர் பற்கள் தேயும். வெப்பநிலை மாறினாலும் அவ்வளவாகக் கெட்டிப்படாத எண்ணெயை வாங்குவதே வழி. டீன், டேவிஸ் என்ற இருவர் 1929-இல் இதற்கு ஓர் அளவுகோல் வகுத்தார்கள். பென்சில்வேனியா எண்ணெய்க்கு 100 மதிப்பெண், வளைகுடாக் கரை எண்ணெய்க்கு 0. அன்று 100-தான் உச்சம். இன்றைய செயற்கை எண்ணெய்கள் அதை எளிதில் தாண்டுகின்றன. ஜான் டியர் தன் ஹை-கார்ட் எண்ணெயில் குளிர் பிரதேசங்களுக்கென்றே குறைந்த பாகுநிலை வகையைத் தனியாக விற்கிறது. கையேட்டில் போட்டிருக்கும் கிரேடை மீறி, கடைக்காரர் சொன்னார் என்று தொண்ணூறு நம்பர் கியர் ஆயிலை ஊற்றுவதைவிட இது மலிவு.

பம்ப் உண்மையிலேயே தேய்ந்திருந்தால்? அதன் குணம் நேர்மாறானது. தேய்மான இடைவெளிகளைக் கெட்டி எண்ணெய் அடைத்துவிடுவதால் தேய்ந்த பம்ப் குளிரில் ஓரளவு நன்றாகவே தூக்கும். எண்ணெய் சூடாகி இளகியதும் கசிந்து சோர்ந்துவிடும். காலையில் மந்தம், வேலை ஏற ஏறச் சுறுசுறுப்பு என்றால் எண்ணெயையும் சல்லடையையும் பாருங்கள். "காலையில நல்லாத்தாண்ணே தூக்குச்சு, மத்தியானம் டிப்பர் பாதியில நின்னுடுச்சு" என்று டிரைவர் சொன்னால், பம்புக்குப் பணம் எடுத்து வையுங்கள். இந்த இரண்டாவது புகாருக்குக் கனடாவின் குளிர் தேவையில்லை, நம் ஊர் வெயிலே போதும்.