கைபேசியும் பிள்ளை எனும் அமானிதமும்

ஓசூரை அடுத்த சானமாவு, காப்புக்காட்டின் ஓரத்தில் அமைந்த சிற்றூர். குளிர்காலங்களில் கர்நாடகக் காடுகளிலிருந்து யானைக் கூட்டங்கள் அங்கு வந்து தங்குவதுண்டு. பொழுது சாய்ந்தபின் பிள்ளைகளை வெளியே விடப் பெற்றோர் தயங்குவது இயல்பே. ஓசூர்த் தொழிற்பேட்டை ஆலைகளோ ஷிப்டு முறையில் இயங்குபவை. இரவுப் பணி முடித்துப் பகலில் உறங்கும் தந்தைக்கும், ஓயாத வேலையுடைய தாய்க்கும் பிள்ளையை அமர்த்த எளிதில் கைகொடுப்பது கைபேசி. இதனைப் பொறுப்பின்மை எனக் கடிவது நியாயமாகாது. ஆயினும் அளவறிதல் கடமை.

இரண்டு வயது நிறையாத குழந்தைக்குத் திரையே வேண்டாம். 2 முதல் 4 வயதுவரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது. உறக்கம், ஓட்டம், உரையாடல் ஆகியவற்றின் நேரத்தைத் திரை விழுங்கிவிடுவதே இதற்குக் காரணம். முன்னர் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு ஒரு முடிவு இருந்தது. இன்றைய காணொளிகள் தாமாகவே தொடர்வதால், நிறுத்தும் பொறுப்பு பிள்ளையின் தலையில் விழுகிறது. அச்சுமை அதன் வயதுக்கு மிகை.

எனவே, பணிநேரம் மாறினும் மாறாத எல்லைகளை நாம் வகுத்துக்கொள்வோம்: உணவு வேளையிலும் உறங்குவதற்கு முந்திய ஒரு மணி நேரத்திலும் கைபேசி கூடாது. இவை பெற்றோர்க்கும் பொருந்தும்.

பிள்ளை பெற்றோரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்று விளக்கும் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) (மறைவு கி.பி. 1111), பாடம் முடிந்தபின் நல்ல விளையாட்டுக்கு அனுமதியுங்கள், தடுத்தால் உள்ளம் மடிந்துவிடும் என்றும் தம் இஹ்யாவில் எச்சரிக்கின்றார். ஆதலால் கைபேசியைப் பறிப்பதோடு கடமை முடிந்துவிடாது. அது விட்டுச்செல்லும் இடத்தை விளையாட்டாலும், ஷிப்டு முடிந்து வந்தபின் நாம் அளிக்கும் சிறுபொழுதுப் பேச்சாலும் நிரப்பியாக வேண்டும்.