படகு எடுக்கும் கரை எது?

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுக்குக் கடல் காட்டப் போகும் குடும்பங்கள் முதலில் விசாரிப்பது படகின் வாடகையைத்தான். சிறுகச் சேர்த்த காசு, கேட்கத்தான் வேண்டும். ஆனால் பருவம் பாராமல் நாம் விதைப்பதுண்டா? கடலுக்கும் அதே கணக்குத்தான். மே முதல் செப்டெம்பர் வரை சோழகக் காற்றால் கற்பிட்டிப் பக்கக் கடல் கொந்தளிக்கும். திருகோணமலைப் பக்கம் பெரும்பாலும் அமைதியாயிருக்கும். வாடை தொடங்கினால் நிலைமை மாறிவிடும். மார்கழியில் நிலாவெளியில் மலிவாகப் படகு கிடைத்தால், ஏன் மலிவு என்று கேளுங்கள். அவ்வூர் மீனவர் கடலுக்குப் போகாத நாளில் நீங்களும் போகவேண்டாம்.

நிலாவெளிக் கரையிலிருந்து புறாத்தீவு ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர். 2003 இல் அது தேசியப் பூங்காவாக்கப்பட்டதால் நுழைவுச்சீட்டும் எடுக்கவேண்டும். சொல்லும் தொகைக்குள் அதுவும் அடங்குமா, தொகை ஆளுக்கா படகுக்கா, எத்தனை மணிக்குத் திரும்பக் கூட்டிவருவார்கள் என்பவற்றை ஏறுமுன்பே பேசி முடியுங்கள்.

கிட்டத் தூரம்தானே என்ற எண்ணம்தான் ஆபத்து. 2021 நவம்பர் 23 அன்று கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் மிதவைப் படகு கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் உட்படப் பலர் இறந்தனர். அது ஆழ்கடலல்ல, களப்பு.

ஆகவே, ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு அங்கி வைத்திருக்கும் படகுக்காரரையே தேடுங்கள். பெரியவர்களின் அங்கி சின்னப் பிள்ளையின் தலைவழியே கழன்றுவிடும். சிறிய அளவு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அடுத்தவரிடம் கேளுங்கள். அங்கும் இல்லையா, பிள்ளைகள் கரையில் மண்வீடு கட்டி விளையாடட்டும்.