இறப்பர் இலை உதிரும் திகதி

தை பிறந்ததும் கஹவத்தையின் இறப்பர் மலைகள் நிறம் மாறத் தொடங்கும். இலைகள் மஞ்சளாகிப் பழுத்து, நடக்கும் இடமெல்லாம் சருகாய்க் குவியும். மொட்டையாய் நிற்கும் மரங்கள் சில வாரங்களில் செம்பு நிறத் தளிர் விடும். பங்குனியில் சின்னஞ்சிறு மஞ்சள் பூக்கள். ஆவணி வாக்கில் கொட்டைகள் படீரென வெடித்துச் சிதறும். பால் வெட்டுகிறவர்களுக்கு இந்த வரிசை மனப்பாடம். தளிர் முற்றும்வரை சிரட்டையில் பால் குறையும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

பூப்பது, உதிர்வது, வலசைப் பறவை வந்திறங்குவது ஆகியவற்றைத் திகதியிட்டு ஆராயும் துறை பருவ நிகழ்வியல். 1849இல் பெல்ஜியத் தாவரவியலாளர் சார்ல்ஸ் மொரன் அதற்குப் 'பினோலஜி' என்று பெயர் வைத்தார். ஜப்பானின் கியோட்டோ நகரில் செர்ரி பூத்த நாட்களைப் பற்றிய குறிப்புகள் 9ஆம் நூற்றாண்டிலிருந்தே கிடைக்கின்றன. அந்த நீண்ட பதிவு இருந்ததால்தான், 2021 மார்ச் 26 அன்று மலர்ந்தது அதுவரையான 1,200 ஆண்டுகளில் மிக முந்திய பூப்பு என்று சொல்ல முடிந்தது.

இறப்பர் நம் மண்ணில் பிறந்த மரமல்ல. ஹென்றி விக்கம் அமேசன் காட்டிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோன விதைகளில் முளைத்த ஏறத்தாழ 1,900 கன்றுகள் 1876இல் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. ஹெனரத்கொட தாவரவியல் பூங்காவில் அவை வேரூன்றின. இதே இனம் பிரேசிலின் சாவோ பாவுலோவில் யூலை, ஓகஸ்டில் இலை உதிர்க்கிறது. இங்கே தை, மாசியில். ஆக, மரம் தான் நிற்கும் இடத்தின் வெயிலையும் மழையையும் பார்த்தே காலம் அறிகிறது. பகலின் நீளம் அதிகம் மாறாத நம் பகுதியில் பூப்பதற்கு எது சைகை? சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேரே வரும் மார்ச், செப்டெம்பர் காலத்தின் வெயில் கடுமைதான் என்று மலேசிய ஆய்வாளர் இயாங் ஹூங் இயீட் 2007இல் விளக்கினார்.

மரத்தின் பருவம் பற்றிய இந்த அறிவு தொழிலாளியின் கூலியோடு நேரே தொடர்புடையது. தளிர் விடும் நாட்களில் பனிமூட்டமும் தூறலும் சேர்ந்தால் வெண்பூஞ்சண நோய் பிடித்து, இளந்தளிர் மறுபடி கொட்டிவிடும். 2019இல் இலங்கையில் அறியப்பட்ட புதிய இலைநோயோ, முற்றிய இலைகளிலேயே வட்டப் புள்ளிகளை உண்டாக்கிக் காலம் தப்பி உதிரச் செய்கிறது. இரண்டிலும் பால் குறையும், வேலையும் குறையும். கீழே கிடக்கும் இலை தன் பருவத்தில் விழுந்ததா, நோயில் விழுந்ததா? ஒரு மலையில் வழக்கமாக இலை உதிரும் காலத்தை அறிந்திருந்தால், புள்ளி கண்ணில் படுமுன்பே சந்தேகம் எழும்.

கேரளத்தில் சீசன்வாட்ச் திட்டத்தில் சேர்ந்த பாடசாலை மாணவர்கள் ஒரே மரத்தை வாரந்தோறும் பார்த்துக் குறித்துவைக்கிறார்கள். நம் தோட்டப் பிள்ளைகளாலும் இது முடியும். லயத்தை ஒட்டி நிற்கும் ஒரு மரம், ஒரு கொப்பி போதும். முதல் பழுத்த இலை, முதல் தளிர், முதல் கொட்டை வெடிப்பு என ஆண்டுக்கு மூன்று திகதிகள். முதலாம் ஆண்டில் தொடங்கும் பிள்ளை சாதாரண தரப் பரீட்சை எழுதும்போது, அந்தக் கொப்பியில் முப்பதுக்கும் மேற்பட்ட திகதிகள் இருக்கும். அம்மா பால் வெட்டும் மலையில் இலை காலம் தப்பி விழுந்தால், அதை முதலில் சொல்லப்போவது அந்தப் பிள்ளைதான்.