டேப் பிடிக்கத் தெரிந்தபின் ஆட்டோகேட்

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், இந்தக் குளிருக்குச் சீக்கிரம் ஆறிவிடும். ஏற்காட்டு மஞ்சக்குட்டைப் பக்கத்துக் காப்பித் தோட்டங்களில் மரக் கணக்கெடுத்து, வீடு, பாதை, தோட்டம் எல்லாம் சேர்த்து வரைபடம் போட்டுக் கொடுக்க ஆட்டோகேட் படித்தால் போதுமா என்று கேட்கிறீர்கள். போதாது. கோடு, வட்டம், லேயர் எல்லாம் கொஞ்ச நாளில் கைக்கு வந்துவிடும். ஆளைச் சோதிப்பது மலைச்சரிவு.

30 டிகிரி சரிவில் டேப்பைத் தரையோடு இழுத்து 20 மீட்டர் என்று குறிக்கிறீர்கள். வரைபடமோ நேர் மேலிருந்து பார்ப்பது. அதில் அந்தத் தூரம் 17.3 மீட்டர்தான். இப்படியே ஐந்து முறை அளந்துகொண்டு போனால் 13 மீட்டருக்கு மேல் பிசகும். வேலிக்கு இந்தப் பக்கம் நிற்கும் பலாமரம் பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விடும்! அதனால் டேப்பை மட்டமாகப் பிடித்து, தூக்குக்குண்டு விட்டு, துண்டு துண்டாக அளக்க வேண்டும். செல்போன் ஜி.பி.எஸ். இருக்கிறதே என்பீர்கள். சில்வர் ஓக் நிழலுக்குள் அது சில மீட்டர் தள்ளிக் காட்டும். மரத்துக்கு மரம் இடைவெளியே அவ்வளவுதான்.

இதற்கு ஒரு வழி உண்டு. வீட்டின் இரண்டு மூலைகளிலிருந்து மரத்துக்குத் தூரம் அளந்து கொள்ளுங்கள்: ஒன்று 8.40 மீட்டர், இன்னொன்று 11.25 மீட்டர் என்று வையுங்கள். திரையில் அந்த மூலைகளை மையமாக வைத்து, அதே அளவில் இரண்டு வட்டம் போடுங்கள். அவை இரண்டு இடத்தில் வெட்டிக்கொள்ளும். சுவரின் எந்தப் பக்கம் மரம் என்று நோட்டில் எழுதியிருந்தால் எந்தப் புள்ளி என்பதில் குழப்பமே இல்லை. எழுதாவிட்டால் திரும்ப மலை ஏற வேண்டியதுதான்.

மரத்தின் சுற்றளவை மேட்டுப்பக்கம் நின்று, தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் எடுப்பது நம் நாட்டு வழக்கம். மிளகுக்கொடி படர்ந்திருந்தால் டேப்பைக் கொடிக்கு அடியில் நுழைத்து அளக்க வேண்டும். கொடியோடு சேர்த்து அளந்தால் மரம் பெருத்துவிடும். பிறகு ஆட்டோகேடில் மரத்துக்கு ஒரு பிளாக் செய்து, எண், இனம், சுற்றளவு, கிளை விரிவு நான்கையும் அதிலேயே ஏற்றிவிடுங்கள். பட்டியல் தனியே தட்டச்சு செய்ய வேண்டியதில்லை, அதிலிருந்தே எடுக்கலாம். இருக்கும் மரம், எடுக்கும் மரம், நடும் மரம் மூன்றுக்கும் தனித்தனி லேயர். வரைவது மீட்டரில், உண்மை அளவில். அளவுகோல் எல்லாம் அச்சிடும்போது பார்த்துக்கொள்ளலாம்.

செயற்கைக்கோள் படத்தோடு பொருத்துவதானால் ஏற்காடு யு.டி.எம். ஆயமுறையில் 44-வது மண்டலம். 78 டிகிரி தீர்க்கரேகைக்கு மேற்கே இருக்கும் மேட்டூரோ 43. சேலம் மாவட்டத்துக்குள்ளேயே இந்தத் தொல்லை.

இவ்வளவு துல்லியம் எதற்கு? 1955-ம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும் இடங்களில் அதற்கென அமைந்த குழுவின் அனுமதியில்லாமல் மரம் வெட்ட முடியாது. வெட்டாமல் பக்கத்தில் அஸ்திவாரம் தோண்டினாலும் வேர் போய் மரம் சாகும். பிரிட்டிஷ் தர நிர்ணயமான பி.எஸ். 5837, தண்டின் விட்டத்தைப்போல் 12 மடங்கு ஆரத்துக்கு வேர்ப் பகுதியைக் காக்கச் சொல்கிறது. 157 சென்டிமீட்டர் சுற்றளவு என்றால் விட்டம் 50. காக்க வேண்டியது 6 மீட்டர். அந்த வட்டத்தைப் போட்டுக் காட்டினாலே வீட்டுக்காரர் அஸ்திவாரத்தைத் தள்ளி வைக்க யோசிப்பார்.

ஐ.டி.ஐ.யில் சிவில் டிராப்ட்ஸ்மேன் படிப்பு இரண்டு வருடம். அவசரமென்றால் லிப்ரேகேட், கியூஜிஐஎஸ் மென்பொருள்கள் இரண்டும் இலவசம். எந்த வகுப்புக்கும் பணம் கட்டுமுன் தெரிந்தவர் தோட்டத்தில் பத்து மரத்தை அளந்து வரைந்து பாருங்கள். பிறகு ஏதாவது இரண்டு மரங்களுக்கு நடுவே டேப் பிடித்து, திரையில் காட்டும் தூரத்தோடு ஒப்பிடுங்கள். அரை மீட்டர் வித்தியாசம் வந்தால், இன்னொரு பத்து மரம் அளந்துவிட்டு வகுப்பில் சேருங்கள்.