பின்பக்கம் திறந்த குழாய்

"சார், அவ்வளவு பெரிய ராக்கெட்டைத் தோளில் வைத்துச் சுடுகிறார்களே, தோள்பட்டை கழன்று போகாதா?" கணினி விளையாட்டில் மூழ்கிக் கிடக்கும் என் படிவம் 4 மாணவன் கேட்டான். நல்ல கேள்வி.

மலாக்காவில் ஆ ஃபமோசா கோட்டை வாசலில் நிற்கும் பழைய பீரங்கியைப் பார்த்திருப்பீர்கள். எல்லாரும் அதன் வாயைத்தான் பார்ப்போம். அடுத்த முறை பின்பக்கத்தைப் பாருங்கள்; கனத்த உலோகத்தால் மூடியிருக்கும். குண்டு முன்னே பாய்ந்தால் பீரங்கி பின்னே உதைக்கும். நீங்கள் பள்ளியில் 'மொமென்டம்' என்று படிக்கிறீர்களே, அந்த உந்தத்தின் கணக்கு இது. உதை மட்டுப்படத்தான் பீரங்கிக்கு அவ்வளவு எடை.

ராக்கெட்டின் கதை வேறு. அது தன் மருந்தைத் தானே சுமந்து, எரித்து, வாயுவைப் பின்னே தள்ளி முன்னே போகிறது. சீனர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே போரில் பயன்படுத்தினார்கள். திப்பு சுல்தான்தான் ராக்கெட்டைக் கண்டுபிடித்தார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் மைசூர்க்காரர்கள் செய்தது சின்ன வேலையல்ல. மருந்தை இரும்புக் குழலில் அடைத்தார்கள். காகிதக் குழல் பிளந்துவிடும் அழுத்தத்தை இரும்பு தாங்கும். அழுத்தம் கூடினால் வாயு வேகமாக வெளியேறும். ராக்கெட் தூரம் போகும். ஏறக்குறைய 2 கிலோமீட்டர்வரை போயிருக்கிறது. நேராகப் பறக்க நீண்ட மூங்கில் கழியைத் தோல் வாரால் கட்டினார்கள். தீபாவளி ராக்கெட்டில் உள்ள குச்சிக்கும் அதே வேலைதான்.

1780 செப்டம்பர் 10ஆம் நாள் காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில், ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் கம்பெனிப் படையை முறியடித்தபோது இந்த ராக்கெட்டுகளும் பாய்ந்தன. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. கைப்பற்றிய ராக்கெட்டுகள் இங்கிலாந்துக்குப் போயின. அவற்றைப் பின்பற்றி வில்லியம் காங்கிரீவ் புதியவற்றைச் செய்தார். அமெரிக்காவின் நாசா தளத்தில் மைசூர் ராக்கெட் வீரர்களின் ஓவியத்தைக் கண்டு வியந்ததை அப்துல் கலாம் எழுதியிருக்கிறார். 2018இல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் ஒரு பாழுங்கிணற்றிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழைய ராக்கெட்டுகளை வெளியே எடுத்தார்கள்.

அப்படியானால் தோளுக்கு எப்போது வந்தது? 1918 நவம்பர் 6ஆம் நாள் அமெரிக்கர் ராபர்ட் காடர்ட், குழாயிலிருந்து ராக்கெட் ஏவிக் காட்டினார். தாங்கியாக வைத்தது, இசைக்கலைஞர்கள் தாள் வைக்கும் சாதாரண ஸ்டாண்டு! பீரங்கியை அதன்மேல் வைத்துச் சுட முடியுமா? ஐந்தே நாளில் முதல் உலகப் போர் முடிந்ததால் அந்தக் குழாயை மறந்துவிட்டார்கள். 1942இல் எட்வர்ட் ஊல் என்ற இளம் அதிகாரி பழைய இரும்புக் குவியலில் 60 மில்லிமீட்டர் குழாய் ஒன்றைக் கண்டார். அவரும் லெஸ்லி ஸ்கின்னரும் சேர்ந்து உருவாக்கியதுதான் 'பசூக்கா'.

குழாயின் பின்பக்கம் திறந்திருக்கிறது. வாயு அவ்வழியே ஓடிவிடுகிறது. குழாய்க்கு வழிகாட்டும் வேலை மட்டுமே. தோளுக்கு உதை ஏறக்குறைய இல்லை. ஆனால் உந்தம் காணாமல் போவதில்லை. பின்னே பாயும் நெருப்பும் வாயுவும் அதைக் கொண்டு போகின்றன. அங்கே ஆள் நின்றால் உயிருக்கே ஆபத்து. முன்னாலும் தொல்லை உண்டு. பசூக்காவைப் பார்த்து ஜெர்மானியர் செய்த 88 மில்லிமீட்டர் 'பான்சர்ஷ்ரெக்', குழாயை விட்டு வெளியேறிய பிறகும் எரிந்துகொண்டிருக்கும். சுடுபவர் முகமூடி அணிய வேண்டியிருந்தது. பிறகு குழாயில் இரும்புக் கேடயமே பொருத்தினார்கள். 1961இல் வந்த சோவியத் ஆர்பிஜி-7 இன்னும் தந்திரமானது. சிறிய மருந்து முதலில் கணையை வெளியே தள்ளும். சுமார் 11 மீட்டர் போன பிறகுதான் ராக்கெட் பற்றும்.

எல்லாம் கேட்டுவிட்டு அந்த மாணவன் மெதுவாக, "சார், பைப்பில் தீபாவளி ராக்கெட்டைப் போட்டு, தோளில் வைத்து வீட்டு வாசலில் நின்று விடலாம் என்றிருந்தேன்" என்றான்.

"உனக்குப் பின்னால் வாசலில் யார் உட்கார்ந்திருப்பார்கள்?" என்றேன்.

சற்று யோசித்து, "பாட்டி, சார்" என்றான்.